அரை மனசும் இரண்டு மனசும்

ஆங்கிலத்தில் ‘ஆம்பிவலன்ஸ்’ என்றொரு சொல் உண்டு. தமிழில் எழுதும்போது ‘பி’யைப் ‘பு’ ஆக்கி, ‘வ’வை விழுங்கிவிட்டால் சைரனோடு வண்டி வந்து நிற்கும். அச்சுப்பிழைக்கு இவ்வளவு தோதான சொல் கிடைப்பது அரிது. முழுக்கப் பிழை என்றும் ஒதுக்கிவிட முடியாது. அந்தச் சொல் பிறந்ததே ஆஸ்பத்திரியில்தான்.

ஒரே ஆள் மீதோ ஒரே காரியத்தின் மீதோ விருப்பும் வெறுப்பும் ஒன்றாகக் குடியிருப்பதைச் சொல்வது அது. காலையில் பிடித்து மாலையில் பிடிக்காமல் போவதல்ல. பிடிக்கும்போதே பிடிக்காமலும் இருப்பது. இரண்டும் முழுப் பலத்தோடு இருந்தால்தான் அந்தப் பெயர் பொருந்தும்.

இன்று அது அதிகம் அடிபடும் இடம் அலுவலகக் கூட்டம். ஆண்டு விழாவுக்கு டி-ஷர்ட் நீலமா பச்சையா என்று கேட்கிறார்கள். ஒருவர் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமலே, “ஐ ஆம் ஆம்பிவலன்ட்” என்கிறார். அவர் சொல்ல வந்தது, “எதையோ கொடுங்க, ஆளை விடுங்க” என்பது. அதற்குப் பெயர் அக்கறையின்மை. உண்மையான ஆம்பிவலன்ட் ஆசாமி அதே அறையில், மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்திருக்கிறார். ராஜினாமாக் கடிதத்தை எழுதி டிராஃப்டில் வைத்திருப்பவர் அவர். திங்கள்தோறும் அதைத் திறப்பார், ஒரு கமாவைத் திருத்துவார், மூடிவிட்டு வேலையைப் பார்ப்பார். கம்பெனியைத் திட்டாமல் அவருக்குச் சோறு இறங்காது. ஆனால் மச்சான் ஒருவன் வந்து அதே கம்பெனியைக் குறை சொன்னால், அன்று வீட்டில் சண்டை நிச்சயம்.

டி-ஷர்ட்காரர் செய்யும் பிழை தமிழர்களுக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்ததல்ல. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். ஆங்கிலச் சொற்பயன்பாட்டு நூல்கள் அவர்களைத்தான் முதலில் கண்டிக்கின்றன. எதிலும் ஈடுபாடு இல்லாதவரும், ஒன்றிலேயே இரண்டு மடங்கு ஈடுபாடு உள்ளவரும் ஒரே சொல்லுக்குள் அடைபட்டுக் கிடக்கிறார்கள்.

சொல்லுக்குத் தகப்பன் ஆய்கன் ப்ளாய்லர். ஸ்விட்சர்லாந்துக்காரர், 1857-இல் பிறந்தவர். சூரிக் நகரின் புர்க்ஹோல்ட்ஸ்லி மனநல மருத்துவமனைக்கு 1898 முதல் 1927 வரை இயக்குநர். பெயர் வைப்பதில் ராசியான கை. ‘ஸ்கிசோஃப்ரீனியா’ அவர் 1908-இல் வைத்த பெயர். ‘ஆட்டிசம்’ என்ற சொல்லையும் அவர்தான் உருவாக்கினார். 1910-இல் பெர்ன் நகரில், தம் நாட்டு மனநல மருத்துவர்கள் கூடிய சபையில், ஆம்பிவலன்ஸ் பற்றிப் பேசினார். லத்தீனில் ‘ஆம்பி’ என்றால் இரு புறமும். அடுத்த பாதி பலத்தைக் குறிக்கும். இருபக்கப் பலம்.

அவர் அதை மூன்றாகப் பிரித்தார். ஒன்று உணர்ச்சியில்: கணவன் மனைவியை நேசிக்கவும் செய்கிறான், வெறுக்கவும் செய்கிறான். இரண்டாவது செயலில்: நோயாளி சாப்பிட விரும்புகிறார், விரும்பவும் இல்லை, கரண்டி வாய்வரை போகிறது, இறங்குகிறது, மறுபடி போகிறது. மூன்றாவது அறிவில்: ஒரே மூச்சில் “நான் இன்னார்” என்றும் “நான் இன்னார் இல்லை” என்றும் சொல்வது. ஸ்கிசோஃப்ரீனியாவின் அடிப்படைக் குறிகளில் ஒன்றாக இதை அவர் வைத்தார். ஆங்கிலத்தில் ‘ஏ’ என்ற எழுத்தில் தொடங்கும் நான்கு குறிகள் என்று மருத்துவ மாணவர்கள் இன்றும் உருப்போடுகிறார்கள். அதில் இதுவும் ஒன்று.

மூன்று வகையையும் படித்துவிட்டுக் குடும்பஸ்தர்கள் பயந்துபோகத் தேவையில்லை. நல்ல ஆரோக்கியமான மனிதர்களுக்கும் இது உண்டு என்பதை ப்ளாய்லரே ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொள்ளாமல் என்ன செய்வார்? அவர் கதையே அப்படி. வியன்னாவில் ஃப்ராய்டு தம் உளப்பகுப்பாய்வுக்கு ஆள் திரட்டிக்கொண்டிருந்த காலம் அது. ப்ளாய்லர் போன்ற பெரிய மருத்துவமனைத் தலைவர் ஒருவர் ஆதரிப்பது ஃப்ராய்டுக்குப் பெரிய பலம். ப்ளாய்லரும் ஃப்ராய்டின் கொள்கைக்கு ஆதரவாக நீண்ட கட்டுரை எழுதினார். ஆனால் 1910-இல் சர்வதேசச் சங்கம் தொடங்கியபோது, அதில் சேரத் தயங்கினார். அந்த ஆண்டுக் கடைசியில் ஃப்ராய்டு மியூனிக்குக்கே வந்து அவரைச் சந்தித்துப் பேசினார். 1911 தொடக்கத்தில் சேர்ந்தார். அதே ஆண்டு முடிவதற்குள் விலகினார். பிறகு ஃப்ராய்டின் கொள்கையை விமரிசித்தும் எழுதினார். சொல் கண்டுபிடிக்கப்பட்ட ஆண்டையும் சங்கத்தில் சேர்ந்து விலகிய ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஆராய்ச்சிக்கான மூலப்பொருள் வார்டில் மட்டும் கிடைக்கவில்லை என்று தோன்றும்.

ஆள் கை நழுவினாலும் ஃப்ராய்டு சொல்லை விடவில்லை. 1912-இல் எழுதிய கட்டுரையில், ப்ளாய்லர் தந்த அருமையான சொல் என்று பாராட்டி எடுத்துக்கொண்டார். அடுத்த ஆண்டே ‘டோட்டமும் டபூவும்’ நூலில் அதற்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். அரசனைத் தெய்வம் என்று கும்பிடும் மக்களே, அவன் எதைத் தொடலாம், எங்கே நடக்கலாம் என்று ஆயிரம் தடை போட்டு அவனைக் கைதியாக்குவது ஏன் என்ற கேள்விக்கு அதில் விடை தேடினார். கும்பிடும் கைக்கும் கட்டிப்போடும் கைக்கும் சொந்தக்காரர் ஒருவரே என்பது அவர் விடை. அதற்குப் பிறகு அந்தச் சொல் ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டி, நாவல், விமரிசனம், பத்திரிகைத் தலையங்கம் என்று பரவி, கடைசியில் டி-ஷர்ட் நிறம்வரை வந்துவிட்டது.

பூஜ்யத்துக்கும் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாத குழப்பம் அலுவலகக் கூட்டங்களோடு நின்றிருந்தால் பரவாயில்லை. விஞ்ஞானிகளும் நெடுநாள் அதில் சிக்கிக் கிடந்தார்கள். மனப்பான்மையை அளக்க உளவியலில் ஒரு கோடு போடுவார்கள். இடது ஓரம் ‘மிக மோசம்’, வலது ஓரம் ‘மிக நன்று’, நடுவில் பூஜ்யம். அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளரைப் பற்றி இப்படிக் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நேற்றுக் குடிவந்தவர் பூஜ்யத்தில் டிக் அடிப்பார். அவருக்குச் செயலாளர் யாரென்றே தெரியாது. பத்து வருடமாகக் குடியிருப்பவரும் அதே பூஜ்யத்தில் டிக் அடிப்பார். நடுராத்திரியில் தண்ணீர் லாரியைத் தேடிப் பிடித்து வந்த செயலாளருக்கு வலது ஓரம் போகவேண்டிய மார்க். பேரனின் சைக்கிளை மாடிப்படியில் நிறுத்தியதற்கு நோட்டீஸ் ஒட்டிய அதே செயலாளருக்கு இடது ஓரம். கூட்டிக் கழித்தால் பூஜ்யம். ஒருவருக்குச் செயலாளரைப் பற்றி ஓர் எண்ணமும் இல்லை. இன்னொருவருக்கு அவரைப் பற்றிய எண்ணத்தால் தூக்கமே இல்லை. கணக்குப்படி இருவரும் ஒன்று.

இந்த அநியாயத்தைக் கேட்க 1972-இல் ஓர் ஆள் வந்தார். கால்மன் கப்லான் என்ற அமெரிக்க உளவியலாளர். அவர் செய்தது எளிய வேலை: ஒரு கோட்டை இரண்டாக வெட்டினார். பிடிக்காததையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, பிடித்தது எவ்வளவு என்று மட்டும் சொல்லுங்கள். பிறகு பிடித்ததை ஒதுக்கிவைத்துவிட்டு, பிடிக்காதது எவ்வளவு என்று சொல்லுங்கள். புதுக் குடித்தனக்காரர் இரண்டிலும் பூஜ்யம் போட்டு வெளியேறிவிடுவார். பழைய குடித்தனக்காரர் இரண்டிலும் உச்சத்துக்குப் போய், போதாதென்று தாளின் பின்பக்கத்திலும் எழுதுவார்.

கப்லானுக்கு 134 ஆண்டு முன்பே இதே காரியத்தை ஒருவர் பழைய காகிதத்தில் செய்து பார்த்திருக்கிறார். அவர் உளவியலாளர் அல்ல, இயற்கையியலாளர். பெயர் சார்லஸ் டார்வின்.

1838-இல் டார்வினுக்கு வயது 29. கப்பலில் உலகைச் சுற்றி வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. கல்யாணம் செய்துகொள்ளலாமா வேண்டாமா என்ற கேள்வி வந்தது. காகிதத்தை எடுத்தார். ஒரு பத்திக்கு ‘மணம் புரிந்தால்’ என்றும் மறு பத்திக்கு ‘புரியாவிட்டால்’ என்றும் தலைப்புப் போட்டார். மணத்துக்குச் சாதகமாக: குழந்தைகள் பிறக்கலாம், வயதான காலத்தில் துணை இருக்கும், வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள், பாட்டு, பேச்சு, எப்படியும் ஒரு நாயை வைத்திருப்பதைவிட மேல். பாதகமாக: நினைத்த இடத்துக்குப் போக முடியாது; கிளப்பில் அறிவாளிகளோடு பேச முடியாது; உறவினர் வீடுகளுக்குக் கட்டாயம் போயாக வேண்டும்; புத்தகம் வாங்கக் காசு மிஞ்சாது; உடம்பு பெருத்துச் சோம்பேறியாகிவிடலாம்; பிரெஞ்சு கற்க முடியாது, அமெரிக்கா போக முடியாது, பலூனில் ஏற முடியாது.

பலூனைப் பற்றிக் கவலைப்பட்டவரைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் அந்தத் தாளில் ஒரு நேர்மை இருக்கிறது. சாதகத்தைக் கூட்டிப் பாதகத்தைக் கழித்து ஒற்றை எண்ணாக்க அவர் முயலவில்லை. இரண்டு பத்தியும் நிரம்பியபடியே நின்றன. கடைசியில் ‘மணம்’ என்று மூன்று முறை எழுதி, வடிவகணிதத் தேற்றத்தை முடிப்பதுபோல முடித்தார். உடனே அடுத்த கேள்வி: இப்போதா, பிறகா? அந்த நவம்பரிலேயே எம்மா வெட்ஜ்வுட்டிடம் கேட்டார். 1839 ஜனவரி 29-இல் கல்யாணம். எம்மா யார்? டார்வினின் அம்மாவுடைய கூடப்பிறந்த அண்ணன் தம்பிமாரில் ஒருவரின் மகள். சொந்த மாமன் மகளைக் கட்டிக்கொள்வதற்கு இவ்வளவு யோசித்த ஒரே மாப்பிள்ளை டார்வினாகத்தான் இருப்பார். அவர்களுக்குப் பத்துப் பிள்ளைகள்.

டார்வினுடையது சுகமாக முடிந்த கதை. காஃப்காவுடையது அப்படியல்ல.

ஃப்ரான்ஸ் காஃப்கா பிராகில் விபத்துக் காப்பீட்டு நிறுவன ஊழியர். ஃபெலிசெ பாவர் பெர்லினில், டிக்டேஷன் இயந்திரம் விற்கும் நிறுவனத்தில் பொறுப்பான வேலையில் இருந்தார். 1912-இல் நண்பர் மாக்ஸ் ப்ரோட் வீட்டில் சந்தித்தார்கள். அதன்பின் காஃப்கா எழுதிய கடிதங்கள் 500-க்கு மேல். பதில் ஒரு நாள் தாமதமானாலும் துடித்துப்போவார். 1913-இல் கல்யாணத்துக்குக் கேட்டு ஒரு கடிதம் எழுதினார். தன்னை ஏன் மணக்கக்கூடாது என்பதற்கான காரணங்களை அதே கடிதத்தில் வரிசையாக அடுக்கினார். பெண் கேட்கப் போகிறவர் கையிலேயே மொட்டைக் கடுதாசியும் கொண்டுபோன கதை. அந்த ஜூலையில் நாட்குறிப்பிலும் சாதக பாதகப் பட்டியல் போட்டார். 1914 ஜூனில் நிச்சயதார்த்தம். ஆறு வாரத்தில், பெர்லின் ஹோட்டல் ஒன்றில் அது முறிந்தது. 1917 ஜூலையில் அதே பெண்ணோடு மறுபடி நிச்சயதார்த்தம். ஆகஸ்டில் காஃப்காவுக்குக் காசநோயின் அறிகுறி தெரியவந்தது. டிசம்பரில் அதுவும் முறிந்தது.

பெர்லின் தூரத்தில் இருக்கும்வரை காஃப்காவின் ஆசை பெருகுகிறது. கல்யாண மண்டபம் பக்கத்தில் வந்ததும் பயம் ஆசையை முந்திவிடுகிறது. இதை அமெரிக்காவில் நீல் மில்லர் எலிகளை வைத்து விளக்கினார். அவர் தம் கொள்கையை விரிவாக எழுதியது 1944-இல். நீண்ட பாதையின் முடிவில் தீனி வைக்கிறார்கள். எலி ஓடிப்போய்த் தின்று பழகுகிறது. பிறகு ஒரு நாள் தின்னும் இடத்திலேயே மின்அதிர்ச்சி கொடுக்கிறார்கள். அடுத்த முறை எலி என்ன செய்கிறது? தொடக்கத்தில் ஆவலோடு கிளம்புகிறது. நடுவழியில் நிற்கிறது. இரண்டடி முன்னால், ஓரடி பின்னால். இலக்கு நெருங்க நெருங்க ஆசையும் ஏறுகிறது, அச்சமும் ஏறுகிறது. ஆனால் அச்சம் ஏறும் வேகம் அதிகம் என்பது மில்லரின் கணக்கு. இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் எலி மாட்டிக்கொள்கிறது. ஃபெலிசெயின் தோழிகளுக்கு இந்தக் கணக்கு அப்போதே கிடைத்திருந்தால், மாப்பிள்ளையைப் பிராகிலேயே விட்டுவைத்து, தபால் மட்டும் போதும் என்று சொல்லியிருப்பார்கள்.

இந்த இடத்தில் கலவையான உணர்ச்சிகள் எல்லாமே ஆம்பிவலன்ஸ் ஆகிவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாமியார் ஓட்டிக்கொண்டு போகும் புதுக் கார் மலையுச்சியிலிருந்து விழுவதைப் பார்க்கும் மருமகனின் மனநிலை என்று ஒரு பழைய ஆங்கில ஜோக் உண்டு. நம்மூர்ப் பட்டிமன்ற மேடைகளிலும் அது ரேஷன் கார்டு வாங்கிக் குடியேறிவிட்டது. அந்த மருமகனை ப்ளாய்லரிடம் அழைத்துப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார். அங்கே வருத்தம் காரைப் பற்றியது, நிம்மதி மாமியாரைப் பற்றியது. பொருள் இரண்டு, உணர்ச்சி இரண்டு, கணக்கு நேராகிவிட்டது. அதே மாமியார் வந்த அன்று “எப்போது ஊருக்குப் போவார்கள்” என்று காலண்டரைப் பார்த்துவிட்டு, போன மறுநாள் காபி சரியில்லை என்று முனகுகிற மருமகன் வேண்டுமானால் உள்ளே வரலாம்.

மருமகன்களை விடுங்கள். தாய்மாரைப் பற்றியே இதைச் சொல்லத் துணிந்தவர் லண்டன் குழந்தை மருத்துவர் டொனால்ட் வினிகாட். உளப்பகுப்பாய்வும் படித்தவர். 1949-இல் வெளியான அவருடைய கட்டுரை ஒன்றில், ஒரு தாய் தன் குழந்தையை வெறுப்பதற்கான காரணங்களைப் பட்டியல் போட்டார். மொத்தம் 18. குழந்தை அவளைச் சம்பளமில்லாத வேலைக்காரியாக நடத்துகிறது. பால் குடிக்கும்போது கடித்து வைக்கிறது. அவள் ஆசையாக ஊட்டினால் சந்தேகப்பட்டுத் துப்புகிறது. அதே சோற்றை ‘ஆன்ட்’ ஊட்டினால் வழித்துச் சாப்பிடுகிறது. காலை முழுக்க அவளைப் படுத்தி எடுத்துவிட்டு, தெருவில் போகிற யாரையோ பார்த்துச் சிரிக்கிறது, அவர் “எவ்வளவு சமத்து!” என்கிறார். அந்த ஆன்ட் சித்தியா அத்தையா என்பதை வினிகாட் விளக்கவில்லை. தமிழ்த் தாய்மாருக்கு விளக்கவும் வேண்டாம்.

வினிகாட் குற்றப்பத்திரிகை வாசிக்கவில்லை. இவ்வளவு வெறுப்புக்கு இடம் இருந்தும், அதைக் குழந்தையிடம் காட்டாமல், அது வளரும்வரை பொறுத்துக்கொள்ளும் ஆற்றல்தான் தாயிடம் வியக்கத்தக்கது என்றார். வெறுப்பே இல்லாத பாசத்தை அவர் அவ்வளவாக நம்பவில்லை. கிளை முறிந்து தொட்டிலும் குழந்தையும் கீழே விழுவதாக முடியும் ஒரு தாலாட்டை ஆங்கிலத் தாய்மார் தலைமுறை தலைமுறையாகக் கொஞ்சும் குரலில் பாடிவருவதையும் சாட்சிக்கு அழைத்தார். நல்லவேளையாகக் குழந்தைக்குப் பொருள் புரிவதில்லை என்பது அவர் நிம்மதி.

தமிழில் இதற்கெல்லாம் என்ன சொல்வது? பழமொழிக்குப் பஞ்சமில்லை, ஆனால் ஒவ்வொன்றும் சற்றே தள்ளிப் போய் விழுகிறது. மதில்மேல் பூனை என்பார்கள். அந்தப் பூனைக்கு எந்தப் பக்கம் குதிப்பது என்பது ஒருவேளை தெளிவாகவே தெரிந்திருக்கும். குழப்பம் கீழே நின்று பார்க்கிறவருக்கு. இருதலைக்கொள்ளி எறும்பு என்பார்கள். அதற்கு இரு பக்கமும் நெருப்பு. ஆசைப்பட ஒரு பக்கமும் இல்லை. நெருப்புக்கு நடுவே ஒரு சர்க்கரைத் துணுக்கை வைத்தால்தான் அந்த எறும்புக்கு ஆம்பிவலன்ஸ் வரும்.

பேச்சுத் தமிழ்தான் கைகொடுக்கிறது. “அரை மனசா ஒத்துக்கிட்டான்” என்கிறோம். “ரெண்டு மனசா இருக்கு” என்றும் சொல்கிறோம். இரண்டும் ஒன்று என்று யாரும் மயங்குவதில்லை. அரை மனசு ஒன்றுக்குக் குறைவு, இரண்டு மனசு ஒன்றுக்கு மேல். ஊருக்குப் போகிற மகளை ரயிலேற்ற வந்த அம்மாவிடம் யாரும் “அரை மனசா அனுப்பினீங்களா” என்று கேட்கமாட்டார்கள். அவள் மனசு இரண்டும் முழுசு. ஒன்று “இன்னும் ரெண்டு நாள் இருந்தால் என்ன” என்று அழுகிறது. இன்னொன்று, இனிமேலாவது ஹால் சோபாவில் ஈரத் துண்டு கிடக்காது என்று கணக்குப் போடுகிறது. கப்லான் 1972-இல் இரண்டு கோடு போட்டுப் பிரித்ததை ரயில்வே பிளாட்பாரம் இலவசமாகவே பிரித்துவிடுகிறது.

இலக்கியமும் பின்தங்கவில்லை. திருக்குறளின் கடைசி அதிகாரங்கள் புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை என்று போகின்றன. அதற்கு முந்தைய 130-ஆம் அதிகாரம் நெஞ்சொடு புலத்தல். சண்டை போட வேறு ஆள் கிடைக்காமல் தலைவி தன் நெஞ்சோடே சண்டை போடுகிறாள். புலவி நுணுக்கத்தின் முடிவில் ஒரு கணவனின் பாடு வருகிறது. அவன் தும்முகிறான். அவள் வாழ்த்துகிறாள், பழைய வழக்கம். வாழ்த்திய வாய் மூடுமுன்னே, யார் நினைத்து இந்தத் தும்மல் என்று அழுகிறாள். பாடம் படித்த கணவன் அடுத்த தும்மலை அடக்குகிறான். உடனே, உனக்கு வேண்டியவர்கள் நினைப்பதை என்னிடம் மறைக்கிறாயா என்று அதற்கும் அழுகை. சமாதானம் செய்தால், மற்றவர்களையும் இப்படித்தான் சமாதானம் செய்வாயோ என்று கோபம். சும்மா பார்த்துக்கொண்டிருந்தால், யாரோடு ஒப்பிட்டுப் பார்க்கிறாய் என்று கேள்வி. வாழ்த்தும் அழுகையும் ஒரே தும்மலுக்கு விளைந்தவை. ப்ளாய்லர் பெர்னில் உரையாற்றியபோது கையில் இந்த ஒரு குறள் இருந்திருந்தால், கரண்டியைத் தூக்கி இறக்கிய நோயாளியை நிம்மதியாகச் சாப்பிட விட்டிருக்கலாம்.

அரசாங்கங்களுக்கு மட்டும் இன்னும் இந்தக் கணக்கு பிடிபடவில்லை. இந்திய வாக்காளர்களுக்கு ‘நோட்டா’ பொத்தான் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 செப்டம்பர் 27-இல் தீர்ப்பளித்தது. அந்த ஆண்டுக் கடைசியில் நடந்த ஐந்து சட்டமன்றத் தேர்தல்களிலேயே பொத்தான் வந்துவிட்டது. யாரையும் பிடிக்காதவருக்கு, அதாவது பூஜ்யக்காரருக்கு, வழி பிறந்தது. ஒரே வேட்பாளரை விரும்பவும் வெறுக்கவும் செய்கிறவருக்கு இயந்திரத்தில் இடமில்லை. தெரு விளக்குக்காக ஒரு முறையும், தெருவையே தோண்டிப் போட்டதற்காக ஒரு முறையும் என்று ஒரே சின்னத்தில் எதிரும் புதிருமாக அமுக்க வசதி செய்தால் எண்ணி முடிப்பதற்குள் ஆட்சிக்காலமே முடிந்துவிடும் என்பது தேர்தல் அதிகாரிகள் தரப்பு வாதமாக இருக்கலாம்.

வாக்குச்சாவடியில் மறைக்க முடிந்தாலும் உடம்பு காட்டிக்கொடுத்துவிடும். நெதர்லாந்தில் ஐரிஸ் ஷ்னைடரும் குழுவினரும் 2013-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வீடியோ கேம் விளையாட வாங்கும் ‘வீ பேலன்ஸ் போர்டு’ பலகையில் ஆட்களை நிற்கவைத்தார்கள். இரு பக்கமும் நியாயம் உள்ள விஷயத்தைப் படித்து இரண்டு மனசுக்கு ஆளானவர்கள், மற்றவர்களைவிட இடமும் வலமுமாக அதிகம் அசைந்தார்கள். அசைவது அவர்களுக்குத் தெரியாவிட்டாலும் பலகைக்குத் தெரிந்தது. தமிழர்கள் தலையை இடமும் வலமுமாக ஆட்டினால் அதற்கு ‘ஆமாம்’ என்றா ‘இல்லை’ என்றா பொருள் என்று திணறும் வெளிநாட்டுப் பயணிகளுக்கு, இரண்டும்தான் என்று சொல்ல இப்போது ஓர் ஆதாரம் இருக்கிறது.

ஆய்வின் இரண்டாம் பகுதி இன்னும் விவகாரமானது. அதில் ஆட்களை வேண்டுமென்றே பக்கவாட்டில் அசையவைத்தார்கள். அசைந்தவர்களின் ஆம்பிவலன்ஸ் கூடிவிட்டது. மனசு உடம்பை ஆட்டுவது மட்டுமல்ல, உடம்பும் மனசை ஆட்டுகிறது.

இந்த முடிவைத் தமிழ்ப் பிராமணக் கல்யாணங்களோடு பொருத்திப் பார்க்க வேண்டும். முகூர்த்தத்துக்கு முன்னால் அங்கே காசி யாத்திரை என்று ஒரு சடங்கு. மாப்பிள்ளை பஞ்சகச்சம் கட்டி, குடை, விசிறி, கைத்தடியோடு, சம்சாரம் வேண்டாம், சந்நியாசம் போகிறேன் என்று மண்டப வாசலை நோக்கி நடப்பார். பெண்ணின் அப்பா வழிமறித்து, என் பெண்ணை ஏற்றுக்கொண்டு இல்லறம் நடத்துங்கள் என்று கேட்டுத் திருப்பி அழைத்து வருவார். டார்வின் காகிதத்தில் போட்ட இரண்டு பத்தியையும், காஃப்கா ஐந்து வருடமும் 500 கடிதமுமாக இழுத்ததையும், நாதஸ்வரம் வாசித்து முடிப்பதற்குள் முடித்துவிடும் ஏற்பாடு இது. வேண்டாம் என்ற மனசுக்கும் ஒரு குடை கொடுத்து, வாசல்வரை போய்வர அனுமதிக்கிறார்கள். போட்டோகிராஃபர் மட்டும், “சார், முகம் சரியா விழல, இன்னொரு தடவை சந்நியாசம் போங்க” என்று கேட்பார். மாப்பிள்ளையும் போவார்.

திரும்பி வந்ததும் மாலை மாற்றல், அதன்பின் ஊஞ்சல். அப்போதுதான் காசியை விட்டுத் திரும்பிய மனசை ஆடும் பலகையில் ஏற்றுவதா என்று ஷ்னைடர் குழுவினர் கவலைப்படக்கூடும். கவலை வேண்டாம். அவர்கள் கண்டது பக்கவாட்டு ஆட்டத்தின் விளைவு. கல்யாண ஊஞ்சல் ஆடுவது முன்னும் பின்னும். அதுவும் ஓர் அடிக்கு மேல் போகாதபடி, இரண்டு வீட்டு அத்தைகளும் இரு பக்கத்துச் சங்கிலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.